கேள்வி கேட்காத வாசல்

அவளுடைய இரண்டு கைகளும் வேலையாக இருந்தன. வலது கையில் திருப்புளி, இடது கையில் சர்வரிலிருந்து உருவிய பழுதான டிஸ்க். கீபோர்டு எட்டாத தூரத்தில் ஒரு ஸ்டூலின்மேல் கிடந்தது. அப்படியிருந்தும், யார் இப்போது எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் திரையில் அவள் பெயர் புதிதாக முளைத்திருந்தது. அவள் ஒரு ஃபைலைத் திறந்திருக்கிறாளாம். அதுவும் இந்த நிமிடம்.

நேற்றுத் திறந்ததன் மிச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மெஷின்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இப்படி நினைத்துக்கொள்வது சுலபம். பாதிப் பிரச்சினை மிச்சத்தால் வருவது, மீதிப் பாதி மறதியால். புது டிஸ்கைச் செருகி, திருகுகளை இறுக்கி, நிமிர்ந்து பார்த்தாள். முதல் ஃபைல் மூடியிருந்தது. இன்னொன்று திறந்திருந்தது. அதுவும் அவள் பெயரில்தான்.

விடுமுறை நாள். விளம்பரங்களுக்குக் கார்ட்டூன் படம் செய்து கொடுக்கும் அந்த அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. ஆள் இல்லாத நாளில்தான் டிஸ்க் மாற்ற முடியும் என்று மதியம் கிளம்பி வந்திருந்தாள். எல்லாரும் அவளை சர்வரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமைதான். சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே நுழைந்துவிட்டால் வெளியே வெயிலா மழையா என்பதே மறந்துபோகும், ஏசியின் ஒரே சீரான இரைச்சல், அதற்குள் நூற்றுக்கணக்கான குட்டி விசிறிகளின் சிணுங்கல், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, தரையில் ஒட்டிய விரிப்பின் பசை நாற்றம், எல்லாம் சேர்ந்து மனிதரை மெல்ல மந்தமாக்கிவிடும். இன்று அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தமும் இருந்தது. டிஸ்குகள் கிறுகிறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. யாரோ எதையோ விடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எந்த வாசல் வழியாக வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

அந்த சர்வரில் எல்லாரும் வேலை செய்வது ஒரே ஃபோல்டரில். ஆனால் அதற்கு இரண்டு வாசல். படம் வரைகிறவர்கள் விண்டோஸ் மெஷின்காரர்கள்; அவர்களுக்கு சம்பா என்று ஒரு வாசல். பெயர்தான் சம்பா, சோறு போடாது. பெயரைச் சொல், பாஸ்வேர்டைச் சொல், போன வாரம் மாற்றச் சொன்னேனே மாற்றினாயா என்று குடைந்துவிட்டுத்தான் உள்ளே விடும். வரைந்ததை அசையும் படமாக்கும் பெரிய லினக்ஸ் மெஷின்களுக்கு என்.எஃப்.எஸ். என்று இன்னொரு வாசல். அது வெள்ளந்தி. வருகிறவர் தன் எண் இன்னது என்று சொன்னால் போதும். அந்த எண்ணுக்கு உரியவர் இவர்தானா என்று முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காது. உட்காருங்கள் என்று சொல்லிவிடும்.

அப்படிப்பட்ட வாசலைத் தெரிந்த மெஷின்களுக்கு மட்டும்தான் திறக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. போன மழைக்காலத்தில் ஒரு வேலை முடியாமல் இழுத்து, முதலாளி வந்து தலைமேல் நின்றபோது, அவள் அதை யாருக்கும் என்று திறந்துவிட்டாள். நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்று. இரண்டு வாசல்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. இந்தப் பக்கம் ஒருவர் ஒரு ஃபைலைக் கையில் வைத்திருந்தால் அந்தப் பக்கத்துக்குத் தெரியும். அதனால் படங்களைச் சேமிக்கத் தாமதமாகிறது என்று வரைகிறவர்கள் முணுமுணுத்தார்கள். அதையும் அணைத்தாள். கடைசியாக, கேட்பாரில்லாத அந்த வாசலில் தன் வீட்டுக் கூடத்துக் கேமராவையும் கொண்டுவந்து இணைத்தாள். மகளை வேலைக்கு நடுவே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளத்தான். இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தை. செய்யும் சேட்டைக்கு வாலு என்று பெயர் நிலைத்துவிட்டது. அலுவலகத்து சர்வரில் சொந்த வீட்டுச் சமாசாரம். யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது அவள் பெயர் இரண்டு இடத்தில் நின்றது. சம்பா வழியாக வந்தவள், இதோ டிராலிமேல் இருக்கும் லேப்டாப்பில் இருக்கும் அவள். என்.எஃப்.எஸ். வழியாக வந்தவள் யார்?

படமாக்கும் மெஷின்களைப் பார்த்தாள். விடுமுறைக்காக எல்லாம் அணைக்கப்பட்டுக் கிடந்தன. ஒரு விளக்குகூட எரியவில்லை. வந்த முகவரியைத் தேடினாள். அவள் வீட்டிலிருந்துதான் வந்திருந்தது.

கணவனாகத்தான் இருக்கும். பழைய லேப்டாப்பை நோண்டிக்கொண்டிருப்பார், வாலு பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை எல்லாம் அமுக்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு படத்தை மனசுக்குள் வரைந்து, அதற்கு வண்ணமும் அடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை. ஏனென்றால் திறக்கப்படும் ஃபைல்கள் கண்டபடி திறக்கப்படவில்லை. எல்லாமே வீட்டுக் கேமரா எடுத்த படங்கள், எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். அவள் வேலையிலிருந்து வந்து பையைக் கழற்றி வைப்பது. வாலுவுக்குத் தலை வாரிவிடுவது. திட்டுவது. திட்டியதற்காகப் பிறகு அவளே போய்க் கொஞ்சுவது. குழந்தை தூங்குவதற்காக முதுகில் தட்டிக்கொண்டே, ராகமில்லாத ஒரு பாட்டை முனகுவது. அந்தக் கடைசிப் படத்தை மட்டும் அது மூடிவிட்டு மறுபடி திறந்தது. மறுபடியும் திறந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, மனப்பாடமாகாத பத்தியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோல.

டிஸ்குகள் கிறுகிறுத்தன. நின்றன. மறுபடியும் கிறுகிறுத்தன.

பிறகு நின்றே போயின.

படித்து முடித்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. புறங்கழுத்தில் ஏசிக் காற்று ஈரத்துணிபோல ஒட்டியது. லேப்டாப்பை இழுத்து, வீட்டுக் கேமரா இப்போது எழுதிக்கொண்டிருக்கும் படத்தைத் திறந்தாள். கூடம். ஜன்னல் திரை. தரையில் வாலு தனியாக உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதிபுத்திசாலி முகத்தோடு. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பேய் பிசாசு என்று இவ்வளவு நேரம் பயந்தது எதற்கு, அடி பைத்தியமே என்று தன்னையே வைதுகொண்டாள்.

சந்தேகம் மட்டும் விடவில்லை. அதே ஃபைலை சர்வரின் சொந்தத் திரையில், எந்த வாசலும் நடுவில் இல்லாமல், நேராகத் திறந்தாள்.

அதே கூடம். அதே ஜன்னல் திரை. மரக்கட்டைகள் சரிந்து கிடந்தன. சோபாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் வாலு.

இன்று காலை உடுத்திய அதே நீல உடை. சற்றுமுன் டிஸ்கை உருவும்போது வலது கையின் முழங்கைப் பக்கம் ஒட்டிய கறுப்பு அழுக்குகூட அப்படியே இருந்தது. அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். அழுக்கு இருந்தது. திரையைப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது.

லேப்டாப்பில் குழந்தை இன்னும் தனியாகக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தது. ஒரே ஃபைல், இரண்டு படம். கண்ணால் கண்டதும் பொய் என்று யாரோ அனுபவப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள். எது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இந்த ஃபைலை வேறு யாரும் தொடவில்லை என்று சம்பா லேப்டாப்புக்கு உறுதி சொல்லியிருக்கும். அதை நம்பி லேப்டாப் தன்னிடமிருந்த பழைய படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வாசலில் என்ன நடக்கிறது என்று சம்பாவுக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டாம் என்று வாயைக் கட்டியவளே இவள்தானே.

கைபேசி வெளியே மேஜையில் சார்ஜில் கிடந்தது. சுவரில் இருந்த அலுவலக போனை எடுத்துக் கணவனின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கணவன் எடுத்தான். பின்னால் இஸ்திரிப் பெட்டி நீராவி விடும் சத்தம்.

"ஹலோ, யாருங்க?"

"நான்தாங்க. வாலு எங்க?"

"யாரு பேசுறது?"

"என்னங்க, என் குரல் தெரியலையா? ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். கூடத்துக்குப் போங்க. போய்ப் பாருங்க."

அவன் சிரித்துவிட்டான். "நல்லாத்தான் மிமிக்ரி பண்றீங்க. என் வீட்டுக்காரி இப்பதாங்க உள்ள வந்தா. பிள்ளைய மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டிருக்கா."

"அது நான் இல்ல! ஐயோ, சொல்றதக் கேளுங்க. பிள்ளைய அதுகிட்டேர்ந்து வாங்குங்க."

போனுக்குள் தூரத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. "யாருங்க போன்ல?" அவள் குரல். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பாள். அந்த இழுப்பும் இருந்தது.

"யாரோ வேலையத்தவங்கம்மா. நீ உக்காரு."

"இருங்க, நான் அத நிறுத்துறேன். இப்பவே நிறுத்துறேன் பாருங்க!"

அவன் வைத்துவிட்டான்.

மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. திரையில் அது வாலுவின் தலையை வாரிக்கொண்டிருந்தது, அவள் வாருவதுபோலவே, இடது பக்கத்திலிருந்து. குழந்தையும் அவளிடம் காட்டுகிற அதே சலிப்போடு தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இது அம்மா இல்லையோ என்று அதற்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. பெற்ற வயிறு எரிந்தது. வண்டி பிடித்து ஓடினாலும் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். சீப்பைக் கீழே வைத்தது. குழந்தையைத் தன் பக்கம் திருப்பியது. இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டது.

வாசல். அது வந்த வாசல்.

கீபோர்டை ஸ்டூலோடு இழுத்தாள். என்.எஃப்.எஸ்.ஸை மொத்தமாக மூடச் சொல்லி ஒரே ஒரு வரி அடித்தாள். எண்டர்.

திரையில் படம் உறைந்தது. கேமராவும் அதே வாசல்தானே. பரவாயில்லை. பட்டியலிலிருந்து அவள் பெயர் ஒன்று மறைந்தது. ஒன்றுதான் மிச்சம். மூடிவிட்டேன், மூடிவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு நேரம் பயந்ததற்கு இப்போது சிரிப்பாகக்கூட வந்தது.

போன் அடித்தது.

"என்ன பண்ணின?" கணவன்தான். குரல் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. "நிறுத்துறேன்னு சொன்னியே, என்ன பண்ணித் தொலைச்ச?"

"என்ன ஆச்சு? அது போயிடுச்சில்ல?"

"இவ அசைய மாட்டேங்குறா. கண்ணு திறந்திருக்கு, மூச்சு இல்ல. பிள்ளையக் கட்டிப்பிடிச்சது பிடிச்சபடி இருக்கு. கைய எடுக்க முடியல. ஒரு விரலக்கூட பிரிக்க முடியல, இரும்பு மாதிரி..."

பின்னால் வாலு. "அம்மா, விடும்மா. வலிக்குதும்மா."

அப்போதுதான் தான் செய்தது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிற எல்லாருக்கும் அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம்: அந்தப் பக்கம் ஒருவர் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும்போது இந்த வாசலை மூடாதே. முதலில் பிடியை விடச் செய். விட்ட பிறகு மூடு. அவசரப்பட்டு மூடினால் அந்தப் பக்கத்து மெஷின் சாகாது. சொன்ன பேச்சும் கேட்காது. கொல்லவும் முடியாது. பிடித்ததைப் பிடித்தபடி, வாசல் மறுபடி திறக்கட்டும் என்று காத்துக்கொண்டே நிற்கும். எத்தனை நாளானாலும் நிற்கும்.

போனில் ஏதோ உலோகம் மோதும் சத்தம். மறுபடியும். இஸ்திரிப் பெட்டியால் அடிக்கிறான்.

"தோல்கூட உரியல," என்று அழுதான். "பிள்ள கீழ நழுவுது. நழுவி, கை இப்ப கழுத்துக்கிட்ட வந்துடுச்சு. ஐயோ, முகமெல்லாம் செவக்குது."

"தூக்கிப் பிடிங்க! கீழேர்ந்து தூக்கிப் பிடிங்க!"

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்! எவ்வளவு நேரம் பிடிப்பேன்? நீ யாரா வேணா இரு. உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன். நிறுத்தினத மறுபடி தொடங்கு. என் பொண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுடு."

"நான்தாங்க உங்க பொண்டாட்டி."

அவன் அதைக் கேட்கவில்லை. வாலுவின் குரலும் கேட்கவில்லை. ஈரமான ஒரு கொறகொறப்பு மட்டும் வந்தது.

திறந்தால் அதுதான் அவள். அந்த வீட்டில், அந்த சோபாவில், அந்தக் குழந்தைக்கு. தன் கையாலேயே பெற்ற பிள்ளையைத் தாரை வார்ப்பது. திறக்காவிட்டால் தாரை வார்க்கப் பிள்ளையே இருக்காது.

அடித்தாள். விரல் வழுக்கியது. தப்பு. அழித்தாள். கொறகொறப்பு மெலிந்துகொண்டே வந்தது. மறுபடி அடித்தாள்.

எண்டர்.

படம் அசைந்தது.

அதன் கைகள் தளர்ந்தன. வாலு அதன் மடியிலேயே சரிந்து விழுந்து, இருமி, மூச்சை இழுத்து, வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப்போல இனிமையான ஒன்றை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. அது குனிந்து குழந்தையின் முதுகைத் தட்டியது. ராகமில்லாத பாட்டை முனகியது. போனில் கேட்டது. ஒரு சுரம் பிசகவில்லை.

பிறகு நிமிர்ந்து கணவனைப் பார்த்தது. "என்னங்க ஆச்சு எனக்கு? திடீர்னு கண்ணு இருட்டிடுச்சு."

அவன் மறுபடி எடுத்த இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கேள்விகூட. பெட்டியைக் கீழே வைத்தான். முகத்தைத் துடைத்தான். அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதன் தோளில் தலையைச் சாய்த்து, குழந்தை மாதிரி விசும்பினான்.

அவள் போனில் கத்தினாள். தரையில் கிடந்த அவனுடைய போனை அது காலால் தள்ளியது. சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

முறைப்படிதான் செய்ய வேண்டும். முதலில் பிடியை விடச் செய்ய வேண்டும். விட்டபின் மூட வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது, ஒரே ஒரு வரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைக் கீபோர்டுப் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

படத்தில் அது தலையைத் தூக்கியது. நேராகக் கேமராவைப் பார்த்தது.

அதன் கை குழந்தையின் கழுத்தை வளைத்தது. கொஞ்சம் இறுக்கியது. வாலுவின் அழுகை பாதியில் நின்றது.

அவள் கையை எடுத்தாள்.

தளர்ந்தது.

போன் பக்கம் கை போனது. இறுக்கியது. எடுத்தாள். தளர்ந்தது. கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், வெறும் பார்வை. இறுகியது. வாலுவின் கால்கள் உதைத்தன. கணவன் கண்ணை மூடியிருந்தான். தோளில் சாய்ந்தபடி. நிம்மதியாக.

அவள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள்.

அதுவும் பார்த்தது. மெல்ல வாலுவின் இரண்டு பிஞ்சுக் கைகளையும் பிடித்தது. அதே மாதிரி மேலே தூக்கியது. விளையாட்டு. வாலுவுக்கு மூச்சு வந்தது. விக்கல் வந்தது. பிறகு கன்னத்தில் கண்ணீரோடு, கேமராவைப் பார்த்துச் சிரித்தது.

ஏசி இரைந்தது. அவள் தூக்கிய கைகளை இறக்கவில்லை. தோள்பட்டை வலிக்க ஆரம்பித்தது. வலது கை கனத்தது.

கொஞ்சம் தாழ்ந்தது.